கியர் பெட்டியைத் திறப்பதற்கு முன்



நம் ஊர்ப் பக்கத்தில் கார் என்பது பல வீடுகளில் வசதிப் பொருள் அன்று, பிழைப்பு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆம்னி, மீன் பெட்டிகளைச் சுமக்கும் சிறு சரக்கு வண்டி, வெளிநாடு செல்வோரை விமான நிலையம் சேர்க்கும் வாடகைக் கார் என ஒவ்வொன்றையும் நம்பி ஓர் அடுப்பு எரிகிறது. அந்த வண்டியைப் பார்த்து ‘கியர் பாக்ஸ் போயிருச்சு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் உறக்கம் இல்லை. டயர், பேட்டரி என்றால் விலை ஏறத்தாழத் தெரியும். கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது, எவ்வளவு கேட்பார்கள் என்பதும் தெரியாது. அறியாமையும் அச்சமும் சேர்ந்த இடத்தில்தான் மனிதன் கேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுக்கிறான்.

ஷார்ஜாவின் தொழிற்பேட்டையில் 11 ஆண்டுகள் பட்டறை வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே தலைமை மெக்கானிக்கை ‘உஸ்தாத்’ என்றே அழைப்போம். எங்கள் உஸ்தாத் பெஷாவர்ப் பக்கத்துக்காரர். ஹயேஸ் வேன்களும் லேண்ட் குரூசர்களும் வாசலில் வரிசையாகக் காத்துக் கிடக்கும். எவ்வளவு நெருக்கடியானாலும் வந்த வண்டியை அவர் உடனே தூக்கியில் ஏற்றமாட்டார். முதலில் ஓட்டுநர் இருக்கையில் அமர்வார். கிளட்சை மிதிப்பார், கியரைப் போடுவார், எடுப்பார். எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்ப்பார். ஐந்து நிமிடம் கழிந்த பிறகே ஸ்பானர் அவர் கைக்கு வரும். ‘காசு குறைந்த காரணத்தை முதலில் தேடு, காசு கூடிய காரணத்தைக் கடைசியில் தேடு’ என்பதே அவருடைய பாடத்தின் சாரம். அவரிடம் கற்றதை ஊர்ச் சகோதரர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கிளட்ச் எதற்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எஞ்சினின் பின்முனையில் கனமான ஒரு சக்கரம் சுழல்கிறது, அதுதான் ஃப்ளைவீல். அதை ஒட்டிக் கிளட்ச் தட்டு இருக்கிறது. தட்டின் நடுத்துளை கியர் பெட்டிக்குள் செல்லும் தண்டின் பற்களில் பொருந்தியிருக்கும். பிரஷர் பிளேட் என்னும் வில் அமைப்பு அந்தத் தட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து வில்லை அழுத்த, பிடி விடுபடுகிறது. எஞ்சின் தனியாகவும் கியர் பெட்டி தனியாகவும் ஆகின்றன. பெடலை விட்டால் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கிளட்சுக்கு இரண்டே கடமைகள்: பிடிக்க வேண்டிய நேரத்தில் முழுமையாகப் பிடிக்க வேண்டும், விட வேண்டிய நேரத்தில் முழுமையாக விட வேண்டும். அதன் நோய்களும் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

பிடிக்காத கிளட்சை முதலில் பார்ப்போம். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது. வண்டி அதற்கேற்ப வேகம் எடுப்பதில்லை. எரிந்த வாடை வரும். எங்கள் இராமநாதபுரம் மாவட்டம் தட்டையான பூமி என்பதால் இந்த நோய் நெடுநாள் மறைந்திருக்கும். 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு மேல் கியரில் ஏறும்போதுதான் அது வெளிப்படும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. திறந்த சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது மூன்றாவது அல்லது நான்காவது கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். பெடலை முழுவதும் விட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் தட்டு வழுக்குகிறது. இதை ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே தட்டைத் தின்றுவிடும்.

வழுக்குகிறது என்று தெரிந்தவுடன் ‘பிளேட் மாத்தணும்’ என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். கம்பியால் இயங்கும் கிளட்சில் பெடலின் மேல்பகுதியில் சற்று வெற்று அசைவு இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்; பல சிறு கார்களில் அது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அளவில் அமையும். தட்டு தேயத் தேய இந்த வெற்று அசைவு குறைந்துகொண்டே வரும். அது அற்றுப்போனால், கால் வைக்காதபோதும் யாரோ பாதி மிதித்துக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை உண்டாகி, நல்ல தட்டும் வழுக்கும். கம்பியின் முனையிலுள்ள நட்டைச் சில சுற்றுகள் திருகினால் தீர்ந்துவிடும் கோளாறு இது. அசைவைச் சரிசெய்த பிறகும் வழுக்கினால், அப்போது தட்டு தேய்ந்துவிட்டது அல்லது அதன்மேல் எண்ணெய் கசிந்துவிட்டது என்று முடிவுசெய்யலாம்.

இனி, விடாத கிளட்ச். பெடலை முழுவதும் மிதித்தும் முதல் கியர் விழ மறுக்கிறது; ரிவர்ஸ் போட்டால் பற்கள் உரசிக் கறகறவென்று சத்தம் கேட்கிறது. கியர் மாறவில்லை என்பதால் குற்றம் கியர் பெட்டியின் மேல் விழுகிறது. உண்மையில், எஞ்சினோடு தொடர்பு முழுவதும் அறுபடாததால் உள்ளே தண்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. சுழலும் பல்லில் கியர் எப்படி விழும்? இதைக் கண்டறியக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். பல் நேராக அமையாமல் ஒன்று தடுத்தால் வண்டியை லேசாக அசைத்து மறுபடியும் போடுங்கள். அணைத்த நிலையில் எல்லாம் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் மறுத்தால், கிளட்ச் விடவில்லை. அணைத்த நிலையிலும் கடினமாக இருந்தால், கியர்க் கம்பியைத் தாங்கும் இணைப்புகளிலோ பெட்டிக்குள்ளோ கோளாறு இருக்கலாம்.

இந்த ஒரு நிமிடச் சோதனையின் மதிப்பை என் தங்கை வீட்டில் கண்டேன். மச்சான் பழைய ஆம்னியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர். ஒரு மாதமாக ரிவர்ஸ் உரசியது. பிறகு முதல் கியரும் விழ மறுத்தது. ஒரு பட்டறையில் காட்டியபோது, கியர் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய 25,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை முடிய ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை பிள்ளைகளுக்கு வேறு வண்டி பார்த்துக் கொடுக்க வேண்டும். வேறு வண்டிக்குப் பழகிய பெற்றோர் திரும்பி வருவார்களா என்பது வேறு கவலை. தங்கை தன் வளையல்களைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். அடகுக் கடைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. வட்டிக்குள் கால் வைக்கக் கூடாது என்று பல ஆண்டுகள் பசியைக்கூடப் பொறுத்துக்கொண்ட வீடு அது. ‘வேற வழி தெரியல மச்சான். நாளைக்குக் காலையில போகலாம்னு இருக்கேன்’ என்று அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

‘போறதுக்கு முன்னாடி வண்டிச் சாவியைக் கொஞ்சம் கொடுங்க மச்சான்’ என்றேன். எஞ்சினை அணைத்த நிலையில் எல்லாக் கியர்களும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முழுவதும் மிதித்து, சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட்டால் அதே உரசல். அவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து கிளட்ச் நெம்புகோலைப் பார்த்தேன். பெடல் தரைவரை இறங்கியது; நெம்புகோலோ விரல் அகலம்கூட நகரவில்லை. கம்பியைப் பார்த்தால், முனையில் அதன் இழைகள் பாதிக்குமேல் அறுந்து, எஞ்சியவை நீண்டு தொங்கின. கியர் பெட்டிக்கும் இந்தக் கோளாறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சில நூறு ரூபாயில் புதிய கம்பி வாங்கி மாட்டி, வெற்று அசைவை அளந்து வைத்தோம். மறுநாள் காலையில் பிள்ளைகள் வழக்கமான நேரத்தில் பள்ளிக்குப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், வளையல்கள் தங்கையின் கைக்குத் திரும்பின.

மச்சானுக்குக் கோபம் வந்தது. அந்தப் பட்டறைக்குப் போய் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்றார். நான் தடுத்தேன். ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. அணைத்துப் பார்க்கத் தோன்றாமல்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆதாரமில்லாத இடத்தில் நல்லெண்ணம் கொள்வதே நமக்குக் கற்பிக்கப்பட்டது. ஆனால் ஒன்றை நான் மறுக்கமாட்டேன்: சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வதும் ஒரு வகை அநீதியே. நோக்கம் எதுவாயினும், வளையல்கள் துணி முடிச்சுக்குள் போனது உண்மைதானே!

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கம்பிக்குப் பதிலாகத் திரவம் வேலை செய்கிறது. பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தபின் கியர் இலகுவாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டர் கசிகிறது என்று பொருள். திரவக் கிண்ணத்தின் அளவையும் பெடலின் மேல்முனையையும் கீழேயுள்ள சிலிண்டரையும் பாருங்கள். ஈரம் இருந்தால் அதுவே சாட்சி. கையேட்டில் குறித்த பிரேக் திரவத்தை மட்டுமே ஊற்ற வேண்டும். அந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. திறந்து வைத்த பழைய புட்டியைப் பயன்படுத்தாதீர்கள்.

கியர் பெட்டி உண்மையாகவே குற்றவாளியாக இருக்கும் இடங்களும் உண்டு. அவற்றின் அடையாளம் வேறு. எல்லாக் கியர்களும் மறுக்காமல் ஒரே ஒரு கியர், சான்றாக மூன்றாவது மட்டும் உரசினால், அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கக்கூடும். வேகத்தை ஒத்திசைத்து பல்லோடு பல்லைச் சேர்த்துவைக்கும் வளையம் அது. போட்ட கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றால், உள்ளே பற்களோ பூட்டும் வில்லோ தேய்ந்திருக்கலாம். ஆனால் பெட்டியைத் திறக்கும் முன் எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் உடைந்திருக்கின்றனவா, வெளி இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வண்டி புறப்படும்போது உதறுவதற்கும் உடைந்த மவுண்டு ஒரு காரணம். எண்ணெய் பட்ட தட்டு இன்னொரு காரணம்.

சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். வண்டி நியூட்ரலில் நிற்க, எஞ்சின் ஓட, பெடலில் காலை வைத்து அழுத்தும்போது கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மாறாக, காலை எடுத்தால் இரைச்சல் வந்து, மிதித்தால் அடங்கினால், கியர் பெட்டியின் முன்தண்டுப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். வண்டி ஓடும்போது மட்டும் வந்து, எந்தக் கியரிலும் மாறாமல், சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் ஊளைக்குச் சக்கரப் பேரிங்கோ டிஃபரன்ஷியலோ காரணமாகலாம். மூன்று சத்தம், மூன்று இடம், மூன்று விலை.

கியர் ஆயிலை மறந்தே போகிற வீடுகள் பல. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பெட்டியின் பக்கவாட்டிலுள்ள நிரப்பும் துளையின் திருகைக் கழற்றினால், பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அந்தத் துளையின் விளிம்புவரை நிற்க வேண்டும். வடித்த எண்ணெயில் மெல்லிய உலோக மை கலந்திருப்பது வழக்கம். நகத்துண்டு அளவுக்கு இரும்புச் சில்லுகள் வந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். எந்த எண்ணெய் என்பதைக் கையேடு சொல்லும். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில், விலை கூடியது நல்லது என்று எண்ணி ஜிஎல்-5 ஊற்றாதீர்கள்; சின்க்ரோ வளையங்களின் பித்தளைக்குச் சிலவகை எண்ணெய்கள் ஒத்துவராது.

கிளட்சை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. ஒன்றை மிச்சம் பிடித்து மூன்று மாதத்தில் மறுபடியும் இறக்குவது சிக்கனம் ஆகாது. இறக்கிய அன்றே எஞ்சினின் பின் ஆயில் சீல் கசிகிறதா, ஃப்ளைவீலின் முகம் வெந்து நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சீல் கசிந்தால் புதிய தட்டும் எண்ணெயில் நனைந்து வீணாகும். வீட்டிலேயே வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள், தாங்கு கால் வைத்தே நுழையுங்கள். பழைய கிளட்ச் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய தட்டுகளில் கல்நார் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்குப் பகை.

கிளட்ச் பெடலே இல்லாத வண்டி வாங்கியவர்கள் தமக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ணுகிறார்கள். 2014இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டுச் சிறு கார்களில் பரவத் தொடங்கிய ஏஎம்டி வகையில், உள்ளே இருப்பது அதே வழக்கமான கிளட்சுதான்; நம் காலுக்குப் பதிலாக ஒரு இயந்திரக் கை அதை இயக்குகிறது. ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்தி வைத்தால் அந்தத் தட்டும் வேகும். முழு ஆட்டோமேட்டிக் வண்டிகளிலோ திரவத்தின் நிறமும் வாடையும்தான் முதல் சாட்சி: பொதுவாகச் சிவப்பாக இருக்கும் திரவம் பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கிளட்சை நெடுநாள் வாழவைப்பது பெரும்பாலும் இடது காலின் ஒழுக்கம். ஓடும்போது பெடலின்மேல் காலை ஓய்வாக வைக்காதீர்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வாருங்கள். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கால் நில்லுங்கள். கியர்க் கம்பியின் தலையில் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டாதீர்கள்; அந்தப் பாரம் உள்ளே உள்ள கவைகளைத் தேய்க்கும்.

விற்கும்போதும் ஒரு கடமை இருக்கிறது. இரையும் பெட்டியில் கெட்டியான எண்ணெயை ஊற்றியும், அதில் மரத்தூளைக் கலந்தும் சில நாட்களுக்குச் சத்தத்தை அடக்கி வண்டியைத் தள்ளிவிடும் பழைய தந்திரம் பட்டறைகளில் எல்லோரும் அறிந்ததே. தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்த வியாபாரியை நபிகளார் (ஸல்) கண்டித்த செய்தி நமக்குத் தெரியும். கியர் பெட்டியும் மூடிய குவியல்தான். ஈரத்தை மேலே வைத்துக் காட்டுங்கள்: ‘மூன்றாவது கியர் உரசும், பார்த்து விலை சொல்லுங்கள்’ என்று சொல்லி விற்றால் சில ஆயிரங்கள் குறையலாம். வாங்குபவர் அதை நம்பிப் பிழைக்கப்போகிறவர் என்பதை நினைத்தால் அந்தக் குறை பெரிதாகத் தோன்றாது.

கடைசியாக, பட்டறைக்குப் போகும்போது தீர்ப்பைக் கொண்டுபோகாதீர்கள், குறிகளைக் கொண்டுபோங்கள். ‘கிளட்ச் மாத்திருங்க’ என்று சொன்னால் மாற்றிவிடுவார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தால் அது அப்படியே இருக்கும். எந்தக் கியரில், எஞ்சின் ஓடும்போதா அணைத்தபோதா, மிதித்தால் வருகிறதா விட்டால் வருகிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் அதற்காக வருத்தப்படமாட்டார், தேய்ந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். அத்தகையவர் கிடைத்தால் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அவரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லுங்கள்.